மூன்றடித் தொட்டியில் டோரி விடலாமா?

வாசகர் கேள்வி, மே 6, மாலை 6.15

அண்ணா, நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. இப்போது கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு டோரி, ஒரு மஞ்சள் டாங், இரண்டு நீமோ, ஒரு சிங்க மீன், தண்ணீர் பழகுவதற்கு நாலைந்து டாம்சல் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கடையில் எல்லாமே இரண்டு மூன்று அங்குலம்தான். மீன் தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் வளரும், பயப்படாதீர்கள் என்கிறார் கடைக்காரர். பெண்ணுக்கு டோரி கட்டாயம் வேண்டுமாம். வாங்கிவிடலாமா?

மே 6, இரவு 9.50

வேண்டாம்.

தொட்டியின் அளவுக்குத் தக்கபடி மீன் வளரும் என்பது கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பொய். சிறிய தொட்டியில் மீன் குட்டையாகவே நின்றுவிடுவது உண்டு. அழுக்குத் தண்ணீரிலும் நெருக்கடியிலும் வளர்ச்சி தடைப்பட்டுப் போன மீன் அது. தொட்டியைப் பார்த்து அது அளவாக வளர்ந்துகொண்டது என்று நினைக்காதீர்கள்.

டோரி என்று விற்கப்படும் நீல டாங் முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர் வரை போகும், அதாவது ஓர் அடி. உங்கள் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி. உள்ளே பாறை அடுக்கிய பிறகு அந்த மீன் திரும்புவதற்கே யோசிக்க வேண்டியிருக்கும். மஞ்சள் டாங் 20 சென்டிமீட்டர். சிங்க மீன் 35 சென்டிமீட்டரைத் தாண்டும். வாயில் நுழைவது எதுவானாலும் விழுங்கிவிடும். ஒரு வகையில் உங்கள் பட்டியலிலேயே உருப்படியான தேர்வு சிங்க மீன்தான். அதை விட்டால் தொட்டியில் கூட்டம் அதிகம் என்ற பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும்.

மே 7, காலை 7.20

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். 36 x 18 x 18 அங்குலம் என்றால் 191 லிட்டர். இது வெளி அளவு. கண்ணாடியின் கனம், மேலே விடும் இரண்டு அங்குல இடைவெளி, மணல், பாறை எல்லாம் போக உங்களிடம் இருக்கப்போவது ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர். நீல டாங் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்ச அளவு ஆறடி நீளத் தொட்டி. 72 x 24 x 24 என்று போட்டால் 680 லிட்டர் வரும். வெளி அளவுக்கு வெளி அளவு வைத்துப் பார்த்தாலே மூன்றரை மடங்கு. கொஞ்சம் முன்பின் இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம் என்னும் வகையைச் சேர்ந்ததல்ல இது.

மே 7, இரவு 8.35

மதுரையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்ற விதி இருக்கிறதே, அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாதா?"

அந்த விதி நன்னீரில் சிறிய, ஒல்லியான மீன்களுக்காக யாரோ போட்டது. அங்கேயே அது நொண்டுகிறது. மீனின் நீளம் நான்கு மடங்கானால் அதே உருவத்தில் அதன் எடை 64 மடங்காகிறது. தின்பதும் கழிப்பதும் மூச்சுவிடுவதும் உடம்பைப் பொறுத்தவை, அடிக்கோலைப் பொறுத்தவை அல்ல. ஓர் அங்குல மீன் நான்கும் நான்கு அங்குல மீன் ஒன்றும் சமம் என்று சொல்லும் விதியை என்ன செய்வது?

கடல்நீரில் இரண்டு கூடுதல் சங்கடங்கள். உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளும். கடல்நீரில் 7-ஐக்கூடத் தொடாது. அடுத்தது அம்மோனியா. கடல்நீரின் பி.எச். 8.2-ஐ ஒட்டி இருப்பதால் அம்மோனியாவில் கூடுதல் பங்கு நச்சு வடிவத்தில் நிற்கும். நடுநிலைத் தண்ணீரில் கெண்டை தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே மீனைக் கொல்லும். ஆகவே நன்னீரில் பழகிய கண்ணால் இந்தத் தொட்டியைப் பார்க்காதீர்கள். பாதி காலியாகத் தெரிகிற கடல்நீர்த் தொட்டிதான் ஒழுங்காக மீன் விடப்பட்ட தொட்டி.

மே 9, மாலை 5.05

"என் நண்பர் மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆண்டுகளாக டோரி வைத்திருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலுக்கு.

சாகவில்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. டாங் வகை மீன்கள் இருபது, முப்பது ஆண்டுகள் உயிரோடிருக்கக்கூடியவை. இரண்டு ஆண்டு என்பது அதன் பள்ளிப் பருவம். நண்பர் வீட்டுக்குப் போனால் கால் மணி நேரம் அந்தத் தொட்டியின் முன் உட்கார்ந்து பாருங்கள். ஒரே பக்கக் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாகப் போய் வருகிறதா? தலையைச் சுற்றியும் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரித்தது போல் வெளுத்திருக்கிறதா? வெண்புள்ளி நோய் வந்து வந்து போகிறதா? டாங் இனம் இந்த நோய்க்குப் பெயர் போனது. நெருக்கடியில் வைத்தால் முதலில் அதற்குத்தான் வரும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் நண்பர் கெட்டிக்காரர், மீனும் கெட்டி. அதைப் பார்த்து இன்னொருவர் வாங்கலாம் என்று அப்போதும் சொல்லமாட்டேன்.

மே 9, மாலை 5.20

மேலே விட்டுப்போனது: வால் அடியில் டாங் மீனுக்கு இருபுறமும் கத்தி போன்ற முள் உண்டு. சிறு தொட்டியில் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் அந்தக் கத்தி எதற்கு என்பது சீக்கிரம் புரியும். வலையில் பிடிக்கும்போது உங்கள் கைக்கும் புரியும்.

மே 11, இரவு 10.15

நான் ஏன் இதில் இவ்வளவு காரமாக எழுதுகிறேன் என்று கோவைச் சகோதரி கேட்டிருக்கிறார். காரணம் ஒரு களவா மீன்.

கடைகளில் பொட்டு மீன் என்று ஒன்று விற்பார்கள். வெள்ளை உடம்பு, கறுப்புப் பொட்டுகள், இரண்டு அங்குலம், துடுப்பை விசிறிக்கொண்டு அசைந்து அசைந்து நீந்தும். பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். அது களவாக் குஞ்சு. முழு வளர்ச்சி 70 சென்டிமீட்டர். ஹாங்காங் பக்கம் உணவகத் தொட்டிகளில் உயிரோடு வைத்து நல்ல விலைக்கு விற்கும் சாப்பாட்டு மீன். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நாலடித் தொட்டியில் அதை விட்டிருந்தார்கள். சில மாதங்கள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்: மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, பிணமும் மிதப்பதில்லை, வேலைக்கு வரும் பெண்ணின் மேல் சந்தேகமாக இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பொட்டு மீன் மட்டும் வயிறு புடைத்துப் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு முடியவில்லை. மீனை எங்கே கொடுப்பது? விற்ற கடை திரும்ப எடுக்கவில்லை. குஞ்சாக இருந்தால் விற்கும், வளர்ந்த மீனை யார் வாங்குவார்கள்? வாரக்கணக்கில் ஆள் தேடி, எட்டடித் தொட்டி வைத்திருந்த ஒருவர் போனால் போகிறதென்று எடுத்துக்கொண்டார். அவருக்கும் அது தேவைப்பட்ட மீன் இல்லை. பெரிதானால் கொடுத்துவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே கொடுக்கப்போகிறவரின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

கடலில் விட்டுவிடலாமே என்று யாரும் எழுத வேண்டாம். தொட்டி நோயோடு சேர்த்து விடுவீர்கள். அட்லாண்டிக்கில் இல்லாத சிங்க மீன் 1980-களில் ஃபுளோரிடா கரையில் தென்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டவைதான் மூலம் என்று கருதுகிறார்கள். இன்று கரீபியன் முழுக்க அது இருக்கிறது, பிடித்து மாளவில்லை.

மே 12, காலை 6.40

இதே ரகத்தில் குஞ்சு முகத்தைக் காட்டி ஏமாற்றுகிற இன்னும் சில. கறுப்பில் ஆரஞ்சு விளிம்போடு இலை போல மிதக்கும் வௌவால் மீன் (பேட்ஃபிஷ்; நாம் சாப்பிடும் வௌவால் அல்ல): அந்தக் குடும்பத்தில் அரை மீட்டரைத் தாண்டுபவை உண்டு, உயரமும் அதற்கேற்ப. கொம்பு வைத்த மாட்டு மீன்: 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், மிரண்டாலோ செத்தாலோ தோலிலிருந்து விடும் நஞ்சில் தொட்டியே காலியாகலாம். எம்பரர் ஏஞ்சல்: குஞ்சில் கருநீலத்தில் வெள்ளை வளையங்கள், வளர்ந்தால் மஞ்சள் கோடுகள், 40 சென்டிமீட்டர். குஞ்சும் தாயும் அவ்வளவு வேறுபட்டிருப்பதால் பழைய விலங்கியலாளர்களே குஞ்சைத் தனி இனம் என்று பெயரிட்டு வைத்தார்கள். கடையில் நிற்கிற நமக்குத் தெரியாமல் போவதில் வெட்கமில்லை. கைப்பேசியில் முழு வளர்ச்சி அளவைத் தேடிப் பார்க்காமல் பணத்தை நீட்டுவதில்தான் வெட்கம்.

மே 14, இரவு 9.10

சகோதரி சொல்வது நியாயம்: "அப்படியானால் சிறிய மீனாகப் பார்த்து வாங்கினால் போதுமா?" முதல் நாள் நான் சென்டிமீட்டரையே பிடித்துக்கொண்டு எழுதியதில் அப்படி ஒரு பொருள் வந்துவிட்டது. போதாது.

மாண்டரின் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு சென்டிமீட்டர். சண்டை இல்லை, அமைதி. கடலில் கிடைக்கிற எல்லா நிறத்தையும் அள்ளிப் பூசிய அழகு. ஆனால் பாறைமேல் ஊரும் கோபிபாட் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்களை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதிய மூன்றடித் தொட்டியில் அந்தக் கூட்டத்தைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு மெதுவாகப் பட்டினியில் போகும். போட்ட தீனியைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. பாறை நிறைந்த, நன்றாகப் பழகிய பெரிய தொட்டிக்குரிய சின்ன மீன் அது. துப்புரவு செய்யும் கோடு மீனும் அப்படியே. மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணியையும் சளியையும் தின்று வாழ்வது. நாலு மீன் இருக்கும் வீட்டில் அதற்குப் பிழைப்பு ஏது? பவளப் பாலிப்புகளை மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களை எந்தத் தொட்டிக்கும் வாங்காதீர்கள், ஆறடியானாலும் சரி.

குணம் அடுத்தது. உங்கள் பட்டியலில் உள்ள டாம்சல், பெரும்பாலும் கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி உள்ளதாகத்தான் இருக்கும். மலிவு, சாகாது, அதனால் புதுத் தண்ணீரைச் சோதிக்க அதை விடச் சொல்வார்கள். சாகாமல் இருப்பதுதான் சிக்கல். பத்து சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்து, மொத்தத் தொட்டியும் தன்னுடையது என்று முடிவுகட்டி, பிறகு வருகிற ஒவ்வொன்றையும் விரட்டும். வலை போட்டால் பாறைக்குள் போய்விடும். அதைப் பிடிப்பதற்காகவே பாறை முழுவதையும் வெளியே எடுத்துத் தொட்டியைக் குலைத்தவர்களை எனக்குத் தெரியும். தண்ணீரைப் பழக்க மீனே தேவையில்லை. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிட்டாலும் அம்மோனியா வரும். பாக்டீரியா வந்து அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்ற நாலு முதல் ஆறு வாரம் பொறுத்தால் போதும்.

மே 15, மதியம் 1.30

உயரமான தொட்டி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். மீன் நீளவாக்கில் நீந்துகிறது. லிட்டர் ஒன்றேயானாலும் நீளமும் அகலமும் உள்ளதை வாங்குங்கள். காற்று படும் மேற்பரப்பும் கூடும்.

மே 17, இரவு 11.00

பத்து நாளாக எதை விடக் கூடாது என்றே எழுதுகிறேன். எதை விடலாம் என்று கேள்வி கேட்டவர் பொறுமையிழந்து எழுதியிருக்கிறார். சரி தம்பி.

முதலில் நீமோ. உங்கள் பட்டியலில் தேறியது அதுதான். பொதுக் கோமாளி மீன், எட்டு ஒன்பது சென்டிமீட்டர், வீட்டைவிட்டு அதிகம் நகராத சோம்பேறி. ஒரு ஜோடி போதும். பெரியது பெண்ணாகும், சின்னது ஆண்; பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும், ஆகவே குஞ்சுகளாக இரண்டு வாங்கினால் ஜோடி தானாக அமையும். மூன்றாவது வேண்டாம், அதை இரண்டும் சேர்ந்து கொன்றுவிடும். கடலில் அது குடியிருக்கும் கடற்சாமந்தி (அனிமோன்) இல்லாமலும் நன்றாக வாழும். படத்தில் பார்த்தோமே என்று புதுத் தொட்டியில் கடற்சாமந்தி விடாதீர்கள். அது இடம் மாறி நடந்துபோய், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்ப்பில் சிக்கினால் தொட்டி முழுக்கக் கூழாகும்.

இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைப்பது நம் ஊரிலேயே நடக்கிறது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன. பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா என்று கடையில் கேளுங்கள். பண்ணைக் குஞ்சு உலர்தீனி தின்னும், நோய் குறைவு, பவளப்பாறையிலிருந்து ஒன்று குறையவும் இல்லை.

மணலில் ஒரு மஞ்சள் கோபி மீன். பத்து சென்டிமீட்டருக்குள்தான். கிடைத்தால் கூடவே ஒரு பிஸ்டல் இறால் விடுங்கள். இறால் வளை தோண்டும், அதற்குக் கண் சரியாகத் தெரியாது, கோபி வாசலில் காவல் நிற்கும். உங்கள் பெண் டோரியை மறந்துவிடுவாள், நான் பொறுப்பு.

பங்காய் கார்டினல் பிடித்தால் ஒரு ஜோடி, அதுவும் பண்ணையில் பிறந்தது மட்டும். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன். தொட்டி வணிகத்துக்காகவே அள்ளி அள்ளி, 2007-இல் அருகிவரும் இனப் பட்டியலுக்கு வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் வீட்டில் இனப்பெருக்கம் செய்ய இதைவிட எளிய கடல் மீன் குறைவு. ஆண் மீன் முட்டையையும் குஞ்சையும் ஏறக்குறைய ஒரு மாதம் வாயிலேயே வைத்துப் பட்டினி கிடக்கும். கடலில் பிடித்ததை வாங்க எந்த நியாயமும் இல்லை.

ஆக ஐந்து மீன். மேலே கொஞ்சம் இடம் இருப்பதாகத் தோன்றும். தோன்றட்டும்.

மே 18, காலை 8.00

விடும் வரிசை: சாதுவான கோபி முதலில், கார்டினல் அடுத்து, கோமாளி கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில வாரம். கோமாளிகளை முதலில் விட்டால் வீட்டுக்காரர்களாகிவிடும், மற்றவை வாடகைக்காரர்கள்.

மே 20, இரவு 9.45

மன்னார் வளைகுடாவில் உறவினர் மீனவர், அவரிடமே மீனும் பாறையும் பவளமும் எடுத்துக்கொள்ளலாமா, கடல்குதிரை இரண்டு கிடைக்குமாம் என்று ஒரு பதில்.

தொடாதீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதற்கு வெளியே எடுத்தாலும், கடல்குதிரையும் பாறைப் பவளங்களும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. செத்த பவளத் துண்டும் வழக்குதான். மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, உறவினரும். சரளைக் கல்லோ பீங்கானில் செய்த செயற்கைப் பாறையோ வையுங்கள். சில மாதங்களில் பாசி படிந்து எல்லாம் ஒன்று போலாகும்.

மே 24, மாலை 4.20

நேற்று இங்கே பகலில் நாலு மணி நேரம் மின்சாரம் இல்லை. அதனால் ஒன்று சேர்க்கிறேன், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

மேலே போட்ட கணக்கெல்லாம் பம்ப் ஓடுகிற, 25 டிகிரி உள்ள தொட்டிக்கு. சென்னையில் மே மாதம் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் நின்றால் தண்ணீர் 30-ஐத் தாண்டும். 30 டிகிரி கடல்நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான், அதே சூட்டில் மீனுக்கு மூச்சின் தேவை கூடுகிறது. பாறையில் உள்ள பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனில்தான் பிழைக்கிறது. அந்த நாலு மணி நேரத்தை உங்கள் தொட்டி தாங்குமா என்று பார்த்து மீன் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். என் தொட்டி தாங்கியது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது, மீனும் குறைவு. இரண்டில் எது காப்பாற்றியது என்று கேட்டால் பம்ப் என்றுதான் முதலில் சொல்வேன். யோசித்தால், மீன் இரட்டிப்பாக இருந்திருந்தால் அந்தச் சின்ன பம்ப்பால் ஒன்றும் ஆகியிருக்காது.

மே 27, இரவு 10.05

"பண்ணையில் பிறந்த டோரி வந்துவிட்டதாமே, அதை வாங்கலாமா?"

வந்தது உண்மை. 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகம் முதன்முதலில் வளர்த்தெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹவாயில் மஞ்சள் டாங். 2017-இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஹவாய்க் கடலில் தொட்டி மீன் பிடிப்பு ஏறக்குறைய நின்றுபோய், மஞ்சள் டாங் விலை எங்கோ போனது. பண்ணைக் குஞ்சுக்கு அதனால் மதிப்பு வந்தது. நல்ல செய்திதான். பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பை நினைத்தால் இன்னும் நல்ல செய்தி. மீனை மயக்கப் பீய்ச்சுகிற நஞ்சு பவளத்தையும் கொல்கிறது, பிடிபட்ட மீனும் பல சமயம் வீட்டுக்கு வந்து சில வாரத்தில் சாகிறது.

ஆனால் பண்ணையில் பிறந்த டோரியும் 30 சென்டிமீட்டர்தான் தம்பி. கடலுக்குச் செய்யும் நியாயம் ஒன்று, மீனுக்குச் செய்யும் நியாயம் இன்னொன்று. முதலாவது கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

மே 28, காலை 7.10

நீல நிறத்தில் ஏதாவது ஒன்று, பெண்ணுக்காக, என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சள் வால் கொண்ட நீல டாம்சல், ஒன்றே ஒன்று. ஏழு சென்டிமீட்டர். டாம்சல் கூட்டத்திலேயே கொஞ்சம் மரியாதை தெரிந்தது. நீலமும் மஞ்சளும் டோரிக்குக் கிட்டத்தட்ட அதே பொருத்தம். எல்லாவற்றுக்கும் கடைசியில், கோமாளிகளுக்கும் பிறகு விடுங்கள். ஐந்து என்று சொன்னேனே என்று யாரும் பிடிக்க வேண்டாம். இதை விடுவதானால் கார்டினல் ஜோடியைத் தவிர்த்துவிடுங்கள், கணக்கு நான்காகிறது.

இறால் துண்டு போட்டு எத்தனை நாளாயிற்று? அம்மோனியா, நைட்ரைட் இரண்டின் அளவையும் இங்கே எழுதுங்கள். இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை கடைப் பக்கம் போக வேண்டாம், பெண்ணைக் கூட்டிக்கொண்டு கண்டிப்பாக வேண்டாம்.